ஜூடோவில் முதலில் எதைக் கைவசப்படுத்துவது? செயோய்நாகே, ஒசோட்டோகாரி, உச்சிமாட்டா: ஓர் ஒப்பீடு

ஜூடோ கற்கத் தொடங்கி ஓராண்டை எட்டுகிறவர்களில் பலர் ஒரே இடத்தில் வந்து தேங்குகிறார்கள். அடிபடாமல் விழக் கற்றுத்தரும் உக்கெமி பழகியிருக்கும். பத்துப் பதினைந்து எறிமுறைகளின் பெயர் தெரியும். எதிரே நிற்பவர் அசையாமல் ஒத்துழைத்தால் அவற்றில் பாதியைச் செய்துகாட்டவும் முடியும். ரண்டோரி எனப்படும் தடையற்ற பயிற்சி ஆட்டம் தொடங்கியதும் அவற்றில் ஒன்றுகூடக் கைகொடுப்பதில்லை. அப்போது பயிற்சியாளர் சொல்லும் அறிவுரை அநேகமாக ஒன்றுதான்: ஒரே ஓர் எறிமுறையைத் தேர்ந்தெடுத்து, அது கைவரும்வரை அதையே பழகுங்கள். டோக்குயிவாசா என்று ஜப்பானியர் சொல்லும் இந்தத் தனித்திறனை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், "உங்களுக்கு எது பிடிக்கிறதோ அது" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தப் பதில் போதாது என்பது என் கருத்து. சாம்பியன் ஒருவரின் காணொளியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எறிமுறை நம் உயரத்துக்கும் பிடிக்கும் ஒத்துவராமல் போனால் ஓரிரு ஆண்டு உழைப்பு வீணாகும். அதைவிட முக்கியமாக, நம்மோடு பயிற்சி செய்கிறவரின் தலையும் முழங்காலும் நம் தேர்வுக்கு விலை கொடுக்க நேரலாம்.

இங்கே ஒப்பிட எடுத்துக்கொண்டவை மூன்று. ஜூடோவின் தலைமைக் கூடமான கோடோகான் 1895-இல் வகுத்து 1920-இல் திருத்திய கோக்கியோ பாடத்திட்டத்தில், தொகுதிக்கு 8 வீதம் 5 தொகுதிகளில் 40 எறிமுறைகள் உள்ளன. தோள்வழியே எறியும் செயோய்நாகேயும், காலைப் பின்னிருந்து அரியும் ஒசோட்டோகாரியும் அதன் முதல் தொகுதியிலேயே வருகின்றன. உள்தொடையை வாரி எறியும் உச்சிமாட்டா இரண்டாம் தொகுதியின் கடைசியில் நிற்கிறது. போட்டிகளில் அதிகம் காணப்படுபவையும், புதியவர்கள் அதிகம் ஆசைப்படுபவையும் இவையே.

## எறிவதற்கு முன் நிற்கும் நிலை

எந்த எறிமுறையும் நிற்கும் நிலையிலிருந்தே பிறக்கிறது என்பதால் அதை முதலில் பேசிவிட வேண்டும். ஜூடோவில் அடிப்படை நிலைகள் இரண்டு. சிசென்தாய் என்பது இயல்பு நிலை: பாதங்கள் ஏறக்குறைய தோளகலத்தில், முழங்கால்கள் இறுகாமல், உடல் நிமிர்ந்து, எடை பாதத்தின் முன்பகுதியை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும். வலது பாதத்தை முன்வைத்தால் வலது இயல்பு நிலை. இடது பாதத்தை முன்வைத்தால் இடது இயல்பு நிலை. ஜிகோதாய் என்பது தற்காப்பு நிலை: கால்களை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பது. தற்காப்பு நிலையில் நிற்பவரைத் தூக்குவது கடினம். ஆனால் அவர் தாமே தாக்க வேண்டுமானால் அகட்டிய கால்களை முதலில் சேர்க்க வேண்டும், அந்த அரை நொடியில் எதிராளி விழித்துக்கொள்வார். 1882-இல் ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ இயல்பு நிலையை அடிப்படையாக வைத்ததற்குக் காரணம், அதிலிருந்து எந்தத் திசைக்கும் தடையின்றி நகர முடியும் என்பதே.

புதியவர்கள் பயத்தில் இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, தலையைக் குனிந்து, இரு கைகளையும் விறைப்பாக நீட்டி நிற்பார்கள். இப்படி நின்றுகொண்டு மேற்சொன்ன மூன்றில் எதையும் செய்ய முடியாது. போட்டி விதிகளும் இந்த நிலைக்கு எதிராகவே இருக்கின்றன: மிகையான தற்காப்பு நிலைக்கு ஷிதோ என்னும் எச்சரிக்கை உண்டு, மூன்று ஷிதோ பெற்றவர் ஆட்டத்தை இழக்கிறார். கால்களைக் கையால் பிடித்துத் தாக்குவதை 2010-இல் கட்டுப்படுத்தி 2013-இல் முற்றிலும் விலக்கிய பிறகு, காலைப் பிடித்துவிடுவாரோ என்று அஞ்சி இடுப்பைத் தள்ளி நிற்க வேண்டிய தேவையும் பெருமளவு நீங்கிவிட்டது. ஆகவே எறிமுறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், நிமிர்ந்து நின்று, பாதங்களைத் தரையோடு உரசியபடி நகரும் பழக்கம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அது வராதவருக்கு இந்த ஒப்பீட்டால் பயனில்லை.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

முதல் அளவுகோல் உடல்வாகு. உயரத்தைச் சென்டிமீட்டரில் பார்ப்பதைவிட, நாம் வழக்கமாக மோதும் எதிராளிகளோடு ஒப்பிட்டால் நாம் குட்டையா நெட்டையா என்று பார்ப்பதே பயனுள்ளது.

இரண்டாவது பிடி. வலதுகை வழக்கமுள்ளவர் இடது கையால் எதிராளியின் வலது சட்டைக்கையை முழங்கைப் பக்கம் பிடிப்பார். வலது கையால் காறையெலும்பு உயரத்தில் அவரது இடது கழுத்துப்பட்டையைப் பிடிப்பார். இருவரும் ஒரே பக்கத்தவராயின் ஐயோட்சு, எதிரெதிர்ப் பக்கத்தவராயின் கெங்காயோட்சு. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், இருவருக்கும் இடையிலான தூரத்தையும், எந்தக் கால் எட்டும் எந்தக் கால் எட்டாது என்பதையும் தீர்மானிப்பது இதுதான். பார்வைக் குறைபாடு உடையோருக்கான ஜூடோவில் பிடியைப் பிடித்த நிலையிலேயே ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிறார்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியாவின் கபில் பர்மார் வெண்கலம் வென்றது அந்த ஆட்டத்தில்தான். பிடிக்காகப் போராடும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஜூடோ எப்படி இருக்கும் என்பதை அந்தப் போட்டிகள் தெளிவாகக் காட்டுகின்றன. பார்வையுள்ளவர்களும் அவற்றைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, விழுபவரின் பாதுகாப்பு. நான்காவது, முயற்சி தவறினால் நமக்கு நேர்வது. ஐந்தாவது, கைவர எடுக்கும் காலம். இவற்றில் மூன்றாவதற்கே நான் அதிக எடை தருகிறேன். அதற்கான காரணம் ஒசோட்டோகாரி பற்றிய பகுதியில் வரும்.

| அளவுகோல் | செயோய்நாகே | ஒசோட்டோகாரி | உச்சிமாட்டா |
|---|---|---|---|
| வீழும் திசை | முன்பக்கம் | பின்பக்கம் | முன்பக்கம் |
| ஏற்ற உடல்வாகு | எதிராளியைவிடக் குட்டை | நெட்டை, நீண்ட கால், கனம் | நெட்டை, நெகிழ்வான இடுப்பு |
| ஏற்ற பிடி | ஐயோட்சு எளிது. மற்றதிலும் செல்லும் | ஐயோட்சு | இரண்டும். கெங்காயோட்சுவில் சிறப்பு |
| விழுபவருக்கு ஆபத்து | மிதம் | தலையில் அதிகம் | மிதம் |
| எறிபவருக்கு ஆபத்து | முழங்கால், முழங்கை, தோள் | குறைவு | தொடைத் தசை, கழுத்து |
| தவறினால் | முதுகு எதிராளி வசமாகும் | அதே முறையில் திருப்பி எறியப்படலாம் | காலை விலக்கித் திருப்பி எறியப்படலாம் |

## செயோய்நாகே

எதிராளியை முன்னே இழுத்து, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நம் தோள்வழியே அவரைப் புரட்டி வீழ்த்துவது இது. வலது பாதம் அவரது வலது பாதத்துக்கு முன்னே சென்று ஊன்ற, அதன்மேல் சுழன்று, இடது பாதமும் அவரது இடது பாதத்துக்கு முன் வந்து சேர வேண்டும். முழங்கால்கள் மடங்கி, நம் இடுப்பு அவரது இடுப்புப்பட்டைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். குட்டையானவருக்கு இந்த இறக்கம் இயல்பாகவே வாய்த்திருக்கிறது. நெட்டையானவர் ஒவ்வொரு முறையும் அதற்காகத் தொடைகளைப் பணயம் வைக்க வேண்டும்.

இதன் இரண்டு முதன்மையான வடிவங்களுக்கும் இடையே தேர்வு செய்வதும் அதே அளவுக்கு முக்கியமானது. மொரோத்தே வடிவத்தில் கழுத்துப்பட்டையைப் பிடித்த வலது கையை விடாமலே, அந்த முழங்கையை மடித்து எதிராளியின் வலது அக்குளுக்குக் கீழே செருக வேண்டும். புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். முழங்கை உள்ளே போகாமல் வெளிப்பக்கமாகப் பிதுங்கி நிற்க, எதிராளியின் முழு எடையும் அந்த மூட்டைத் திருகுகிறது. மணிக்கட்டு இளகி, முன்கை ஏறத்தாழ நேராக நிமிர்ந்து, முழங்கை அக்குளின் குழிக்குள் அமர்ந்தால்தான் எடை தோளுக்கும் முதுகுக்கும் மாறும். முழங்கை வலியோடு ஆறு மாதம் இதைப் பழகுகிறவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்களுக்கு இப்போன் வடிவம் திறந்தே இருக்கிறது. அதில் வலது கை கழுத்துப்பட்டையை விட்டுவிட்டு, எதிராளியின் வலது மேற்கையை அக்குளுக்குக் கீழே சென்று முழங்கை மடிப்பில் இறுக்கிக்கொள்கிறது. மூட்டுக்குப் பாதுகாப்பு, கற்பதற்கும் எளிது. கழுத்துப்பட்டைப் பிடியை இழந்துவிடுவதால், முயற்சி தவறினால் எதிராளியைக் கட்டுப்படுத்த ஒரே ஒரு கைதான் மிஞ்சும்.

மறைவான செலவு முழங்காலில் இருக்கிறது. இரு முழங்கால்களையும் ஒரே நேரத்தில் மெத்தையில் விழவிட்டுச் செய்யும் தாழ்ந்த வடிவம் விரைவில் வெற்றி தரும் என்பதால் சிறுவர்கள் அதற்கே தாவுகிறார்கள். ஜப்பானில் சிறுவர் போட்டிகளுக்கான சிறப்பு விதிகள் இதைத் தடுத்திருக்கின்றன. நம் பயிற்சிக்கூடங்களிலும் அந்த விதியைப் பின்பற்றினால் நல்லது. நின்றே எறியப் பழகியவர் பின்னாளில் தாழ்ந்து எறியக் கற்றுக்கொள்ளலாம். தாழ்ந்தே பழகியவருக்கு நின்று எறிவது அநேகமாக வருவதே இல்லை. நின்றபடி இப்போன் செயோய்நாகே செய்வது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் கோகா தொஷிஹிகோவின் ஆட்டங்களைப் பாருங்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குச் சில நாட்களுக்கு முன் பயிற்சியில் முழங்காலைக் கடுமையாகக் காயப்படுத்திக்கொண்டு, அந்தக் காலோடே 71 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் அவர். 60 கிலோ பிரிவில் 1996, 2000, 2004 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற நொமுரா ததாஹிரோவுக்கும் செயோய்நாகேதான் பேர்பெற்ற ஆயுதம்.

தவறினால், முதுகு எதிராளியிடம் போய்விடுகிறது. மெத்தையில் கவிழ்ந்து கிடப்பவரின் முதுகில் ஏறிக் கழுத்தை நெரிக்கும் முறைகள் ஜூடோவில் ஏராளம். ஆகவே இதைத் தேர்ந்தெடுப்பவர் தரைத் தற்காப்பையும் சேர்த்தே கற்க வேண்டும். இந்தக் கூடுதல் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் செயோய்நாகே எளிது என்று சொல்வது சரியாகாது.

## ஒசோட்டோகாரி

மூன்றில் கற்க மிக எளியது இது. திரும்ப வேண்டியதில்லை, எதிராளியின் முகத்தைப் பார்த்தபடியே செய்யலாம். இடது பாதத்தை அவரது வலது பாதத்துக்கு வெளிப்பக்கம் வைத்து, மார்போடு மார்பு சேர்த்து, அவரது எடையை வலது குதிகாலின் பின்மூலைக்குத் தள்ளி, நம் வலது காலை அவரைக் கடந்து வீசி, அவரது வலது காலைப் பின்னிருந்து அரிந்தெடுக்க வேண்டும். நெட்டையானவருக்கும் கனமானவருக்கும் இது பெரிய வரம். 2 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள பிரான்சின் டெடி ரினேரும், 203 ஆட்டங்கள் தோல்வியே காணாமல் 1985-இல் ஓய்வுபெற்ற ஜப்பானின் யமஷிதா யசுஹிரோவும் இதைக்கொண்டு வீழ்த்தியவர்கள் ஏராளம்.

ஆனால் இந்த எளிமையே இதன் ஆபத்து. விழுபவர் பின்பக்கமாக, தரையைப் பார்க்க வழியில்லாமல், வேகமாக விழுகிறார். முகவாயை மார்போடு சேர்த்துத் தம் இடுப்புப்பட்டையின் முடிச்சைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு ஆழமாகப் பதிந்திராவிட்டால் பிடரி மெத்தையில் மோதும். தலை மோதாவிட்டாலும்கூட, திடீரென்று சுழன்று நிற்கும் வேகத்தில் மூளையை ஒட்டிய சிரைகள் கிழிந்து உள்ளே இரத்தம் கட்டக்கூடும். ஜப்பானியப் பள்ளிகளில் 1983-இலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஜூடோவின்போது இறந்த மாணவர்களின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. அவற்றில் பெரும்பங்கு தலைக் காயங்கள், இறந்தவர்களில் முதலாண்டு மாணவர்கள் அதிகம், காரணமான எறிமுறைகளில் ஒசோட்டோகாரி முன்னணியில் இருந்தது. 2012-இல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலைகள் கட்டாயமானபோது அந்நாட்டில் எழுந்த கவலைக்கு அடிப்படை இதுதான். ஜூடோவின் தாயகத்திலேயே இப்படி நடந்திருக்கிறது என்றால், உக்கெமிக்குப் போதிய நேரம் ஒதுக்காத கூடம் எதுவாயினும் அங்கே இதைப் புதியவர்மேல் பழகுவதை என்னால் ஏற்க முடியாது. எறிபவருக்கு உடல்செலவு மிகக் குறைவு என்பதால் இந்த விலை அவர் கண்ணில் படுவதில்லை. எறிந்தபின் சட்டைக்கைப் பிடியை விடாமல் மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, விழுபவரின் தலை தரைக்குப் போகாமல் காப்பது எறிபவரின் கடமை. அந்த இழுப்பைச் செய்யாதவருக்கு ஒசோட்டோகாரி இன்னும் கைவரவில்லை என்றே நான் சொல்வேன்.

இன்னொரு செலவு ரண்டோரியில் தெரியும். எதிராளியின் எடை குதிகாலில் இல்லாதபோது உள்ளே நுழைந்தால், நம் எடைதான் பின்னே நிற்கும். அவர் அதே காலால் நம்மையே அரிந்துவிடுவார். அந்த எதிர்த்தாக்குதலுக்கு ஒசோட்டோகாயெஷி என்று தனிப்பெயரே உண்டு. எதிர்ப்பக்க நிலையில் நிற்பவரிடம், அரிய வேண்டிய கால் பின்னே தள்ளி நிற்பதால், இதற்கு நம் கால் எட்டாது. ஐயோட்சுவில் நெட்டையானவர் கையில் இது கூரிய ஆயுதம். அந்த வட்டத்துக்கு வெளியே அதன் பயன் விரைவாகக் குறைகிறது.

## உச்சிமாட்டா

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். இடது காலில் நின்று, எதிராளியை முன்னே தூக்கி இழுத்து, நம் வலது காலை அவரது இரு கால்களுக்கு நடுவே செலுத்தி, இடது தொடையின் உட்பக்கத்தை மேல்நோக்கி வாரி எறிவது. பார்க்க அழகு, உயர்மட்டப் போட்டிகளில் பலன் அதிகம். 2000 சிட்னியில் 100 கிலோ பிரிவில் இனோவே கொசேய் தங்கம் வென்றது இதன் வலிமையால்தான். கோகாவின் முழங்கால் காயப்பட்ட அந்தப் பயிற்சியில் அவரோடு மோதிய யொஷிதா ஹிதெஹிகோவும், உச்சிமாட்டாவைக்கொண்டு அதே பார்சிலோனாவில் 78 கிலோ தங்கம் வென்றார்.

காலம்தான் இதன் முதல் செலவு. ஒற்றைக் காலில் நின்றபடி இன்னொருவரின் எடையைத் தாங்கும் சமநிலை ஓராண்டில் வருவதில்லை. பலர் கால் உயரத்தில் கவனம் வைத்து, கைகளை மறந்துவிடுகிறார்கள். சட்டைக்கையைப் பிடித்த கை எதிராளியின் முழங்கையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தாவிட்டால், கால் எவ்வளவு உயர்ந்தாலும் அவர் விழமாட்டார். தொடையின் பின்தசையும் கவட்டைத் தசையும் நெகிழாதவர்களுக்கு இழுப்புக் காயம் திரும்பத் திரும்ப வரும். விழுவது உறுதியாக வேண்டும் என்ற வெறியில் தலையை முன்னே குத்தி மெத்தையில் பாய்கிறவர்கள் கழுத்தெலும்பை ஆபத்துக்கு உள்ளாக்குகிறார்கள். போட்டியில் அப்படிப் பாய்ந்தால் நேரடித் தகுதிநீக்கம்.

தவறினால் வருவது சுகாஷி: எதிராளி தாக்கப்படும் காலை விலக்கிக்கொள்ள, நம் கால் வெறுங்காற்றை வார, அவர் நம் வேகத்தைக்கொண்டே நம்மைத் திருப்பி எறிகிறார். அதே சிட்னியில், 100 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிப்போட்டியில் பிரான்சின் டேவிட் டூயே உச்சிமாட்டாவுடன் நுழைந்தபோது ஜப்பானின் ஷினோஹாரா ஷினிச்சி இதைத்தான் செய்தார். பக்க நடுவர்களில் ஒருவர் ஷினோஹாராவுக்கு முழுப்புள்ளியான இப்போன் காட்ட, மற்ற இருவரும் டூயேவுக்கு யூக்கோ என்னும் சிறுபுள்ளி தந்தனர். தங்கமும் டூயேவுக்கே போயிற்று. தேர்ந்த நடுவர்களுக்கே யார் யாரை எறிந்தார் என்ற குழப்பம் வரும் அளவுக்கு, தாக்குதலும் எதிர்த்தாக்குதலும் இந்த எறிமுறையில் நெருங்கி நிற்கின்றன.

கெங்காயோட்சுவில் இதற்கு இணை குறைவு. இடப்பக்கத்தவர்கள் நிறைந்த கூடத்தில் பழகும் வலப்பக்கத்தவருக்கு, நீண்ட நாள் நோக்கில் உச்சிமாட்டாவே மிகச் சிறந்த முதலீடு.

## இவை மூன்றும் ஒத்துவராவிட்டால்

முதுகுவலியாலோ முழங்கால் தேய்மானத்தாலோ தூக்கவும் ஒற்றைக்காலில் நிற்கவும் இயலாதவர்கள், காலடியைத் துடைத்து வீழ்த்தும் தெஆஷிபராய் போன்ற கால்முறைகளை முதன்மையாக்கிக் கொள்ளலாம். வலிமை தேவையில்லை, நேரக்கணிப்பு மட்டும் வேண்டும். தாயொதோஷியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். குறுக்கே நீட்டிய கால் விழுபவரின் முழங்காலின்மேல் பட்டுவிட்டால் காயம் பெரிதாகும் என்பதால், நல்ல மேற்பார்வை இல்லாத இடத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## யாருக்கு எது

பெரும்பாலான புதியவர்களுக்கு, குறிப்பாக எதிராளிகளைவிடக் குட்டையாக இருப்பவர்களுக்கும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், நின்றபடி செய்யும் இப்போன் செயோய்நாகேயே என் தேர்வு. விழுபவருக்கு விழும் திசை தெளிவாகத் தெரிகிறது. எறிபவரின் கையில் அவரது கை இறுதிவரை இருக்கிறது. தடித்த மெத்தை இல்லாத கூடத்திலும் இதைப் பாதுகாப்பாகப் பழக முடியும்.

கூட்டத்தில் நெட்டையானவராகவும், பெரும்பாலும் ஒரே பக்கத்தவர்களோடு மோதுபவராகவும் இருந்தால் ஒசோட்டோகாரி. இரண்டு நிபந்தனைகள்: கூடத்தில் தடித்த மெத்தை இருக்க வேண்டும், எறியப்படுபவர் உக்கெமியில் தேர்ந்தவராக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், எறியாமல் நுழைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும் உச்சிகொமியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உச்சிமாட்டாவை முதல் எறிமுறையாக நான் மிகச் சிலருக்கே சொல்வேன்: நடனமோ ஜிம்னாஸ்டிக்ஸோ கற்று இடுப்பு நெகிழ்ந்தவர்கள், வாரத்தில் நான்கைந்து நாள் பயிற்சிக்கு வருகிறவர்கள், இரண்டு மூன்று ஆண்டு பலன் தெரியாமல் உழைக்கப் பொறுமை உள்ளவர்கள். மற்றவர்கள் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

நாற்பதைக் கடந்து தொடங்குகிறவர்களுக்குத் தோள் இறுகியிருந்தால் இப்போன் வடிவம்கூடச் சிரமம் தரும். அவர்கள் கால்முறைகளில் தொடங்கி, உடல் இளகியபின் செயோய்நாகேக்கு வரலாம், அவசரப்பட ஒன்றுமில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எதிர்த்திசைக்கு ஒரு துணை தேவைப்படும், ஏனென்றால் இரண்டாம் முறை நுழையும்போதே எதிராளி நம் திசையைத் தெரிந்துகொள்வார். செயோய்நாகேக்கு அஞ்சிப் பின்னே சாய்கிறவரை, குதிகாலை உட்பக்கமிருந்து அரியும் கோஉச்சிகாரி வீழ்த்தும். உச்சிமாட்டாவுக்குத் துணை, காலை உட்பக்கமிருந்து அரியும் ஓஉச்சிகாரி. இரண்டுக்கும் நுழைவு ஏறக்குறைய ஒன்றே என்பதால் எதிராளி தாமதமாகவே வேறுபாட்டை உணர்வார். ஒசோட்டோகாரியைத் தடுக்க முன்னே சாய்கிறவருக்கு, கணுக்காலைப் பாதத்தால் தடுத்து முன்னே வீழ்த்தும் சாசாயெத்சுரிகொமியாஷி. இந்தத் துணையை முதல் மாதத்திலிருந்தே முதன்மை எறிமுறையோடு சேர்த்துப் பழகுங்கள். உச்சிகொமியில் பத்து முறை ஒன்றைச் செய்தால், அடுத்த பத்தை இரண்டும் இணைந்த தொடராகச் செய்யுங்கள்.